இருபது இஞ்ச் சக்கரத்தில் நீலகிரி: சின்னச் சக்கர சைக்கிளைப் பராமரிக்கவும் பாகம் மாற்றவும் முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி மார்க்கெட்டில் சைக்கிளை நிறுத்தினால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “பையனோட சைக்கிளுங்களா?” என்னுடையதுதான், மடக்கி வைக்கிற சைக்கிள், இதிலேதான் மூட்டை கட்டிக்கொண்டு மஞ்சூர் வரை போய் வந்தேன் என்றால், சக்கரத்தை ஒரு தடவை பார்ப்பார், என்னை ஒரு தடவை பார்ப்பார், பேச்சை மாற்றிவிடுவார். அவர் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சின்னச் சக்கரம் மலை ஏறாது என்பது தப்பு. ஆனால் பெரிய சக்கரத்தைப் பராமரிப்பது போல இதைப் பராமரித்தால் அது நம்மை நடுவழியில் விட்டுவிடும் என்பது உண்மை.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. 40 மில்லிமீட்டர் டயர் போட்ட 20 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.52 மீட்டர். சாதாரண பெரிய டூரிங் சைக்கிளுக்கு 2.15 மீட்டர் வரும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். பெரிய சக்கரம் அந்தத் தூரத்தை ஏறக்குறைய 15,300 சுற்றில் முடிக்கும். என் சக்கரம் 21,700 தடவை சுற்றியாக வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் பேரிங் அத்தனை தடவை கூடுதலாக உருள்கிறது, டயரின் ஒவ்வொரு விரற்கடையும் அத்தனை தடவை கூடுதலாகத் தார் மேல் தேய்கிறது. ரிம்மும் அப்படித்தான்: அதே பிரேக், அதே எடை, ஆனால் தேய்வதற்கு இருக்கிற அலுமினியம் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே புத்தகத்தில் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்று இருந்தால் நான் நாலு மாதம் என்று படித்துக்கொள்வேன்.

முதலில் உங்கள் சக்கரம் எது என்று பாருங்கள்

‘20 இஞ்ச்’ என்ற ஒரே பெயரில் இரண்டு ரிம் உலவுகின்றன. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 40-406, 47-406 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 20 x 1.75 என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 406. 20 x 1 3/8 என்று பின்னத்தில் இருந்தால் அது 451. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு 349, அது தனிக் கதை.

மலையில் ஓட்ட 406-தான் என் சிபாரிசு. குழந்தைகள் சைக்கிளுக்கும் இதே அளவு என்பதால் ஊட்டியிலோ குன்னூரிலோ எந்த சைக்கிள் கடையிலும் டியூப் கிடைக்கும். பையன் சைக்கிளா என்று கேட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும். 451 வைத்திருப்பவர்கள் கூரியருக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டியூப் வாங்கும்போது வால்வைக் கவனியுங்கள். ரிம்மில் ஓட்டை 8.5 மில்லிமீட்டர் இருந்தால் கார், பைக்கில் வருகிற தடித்த வால்வு போகும். நம்மூர் சைக்கிள் வால்வும் போகும். ஓட்டை 6.5 என்றால் மெல்லிய பிரெஸ்டா மட்டும்தான். அவசரத்துக்குக் கடை டியூப் போட முடியவேண்டும் என்றால் பெரிய ஓட்டைதான் வசதி.

பிரேக்: காசு இருந்தால் முதலில் இங்கே

எல்லாரும் கியரில் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதற்குத் தண்டனையும் வாங்கினேன்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு டீக்கடை. பின்னால் பதினைந்து கிலோ மூட்டையோடு, முழு இறக்கத்தையும் பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கி வந்திருந்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ வாங்கினேன். பாதி டம்ளர் குடித்திருப்பேன், ‘டப்’ என்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். யாரும் தொடாமல் நின்ற சைக்கிளின் பின் டியூப் வெடித்திருந்தது. ரிம்மைத் தொட்டேன், சட்டென விரலை எடுத்தேன்.

டயரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரிம்முக்குள் கம்பி ஓட்டைகளை மூட ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். சூட்டில் அது இளகி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் குழிந்து போயிருந்தது. அந்தக் குழிக்குள் டியூபும் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. அதில் ஒரு கொப்புளம் துவரம் பருப்பு அளவில் பிய்ந்திருந்தது. மேட்டுப்பாளையத்து மெக்கானிக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டியூப் மேல தப்பில்லீங்க, இந்தப் பட்டைய மொதல்ல வீசுங்க” என்றார்.

நான் அன்றிலிருந்து துணிப் பட்டைதான் போடுகிறேன். மாற்றுவது சுலபம். டயரைக் கழற்றி, பழைய பட்டையை உரித்து, ரிம் உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வால்வு ஓட்டையில் தொடங்கி இழுத்து ஒட்டிக்கொண்டே போய் அங்கேயே முடிக்க வேண்டும். பட்டையின் அகலம் எல்லா ஓட்டையையும் மூட வேண்டும். ஆனால் டயர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் ஏறக்கூடாது. ஒரு சக்கரத்துக்கு இருபது நிமிஷ வேலை.

சூடு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயரத்தில் இறங்குவது சுமார் 1,450 மீட்டர். அந்த ஆற்றல் முழுக்கச் சூடாக மாறினால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க அந்தச் சின்ன ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும்தான். அதனால் பிடித்தபடியே இறங்காதீர்கள். நேர் ரோட்டில் விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்று வாங்குங்கள். அதுவே பாதி பிரேக். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, மறுபடி விட்டுவிடுங்கள். சுமை இருந்தால் நடுவில் இரண்டு இடத்தில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். டீ அதற்குத்தான் இருக்கிறது.

பிரேக் கட்டையை ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் பார்ப்பேன். மேல்பரப்பில் வெள்ளி மாதிரி மின்னுகிற துணுக்கு தெரிந்தால் அது உங்கள் ரிம்தான்: அலுமினியம் பிய்ந்து ரப்பரில் பதிந்திருக்கிறது. கோணி ஊசியால் நெம்பி எடுத்து, மணல் தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள். விட்டால் அந்தத் துணுக்கு ரிம்மை உளி மாதிரி செதுக்கும். புதுக் கட்டை வாங்கினால் மழைக்கென்று வருகிற செங்கல் நிறக் கட்டை நல்லது; ரிம்மையும் அதிகம் தின்னாது. மாட்டும்போது கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடுமாறு, பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வைத்து நட்டை முறுக்குங்கள். கீச்சொலி நின்றுவிடும்.

ரிம் பக்கச் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழிவாகத் தட்டுப்பட்டால், சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்திருந்தால், ரிம்மை மாற்றும் நேரம் வந்துவிட்டது. காற்றழுத்தத்தில் அது பிளந்தால் எங்கே பிளக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

டிஸ்க் பிரேக்குக்கு மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மடக்கு சைக்கிள்கள் பலவற்றில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அகலம் 74 மில்லிமீட்டர்தான். வழக்கமான ஹப்புக்கு 100 வேண்டும். டஹோன் கம்பெனி மடக்கு சைக்கிள்களில் இதைப் பார்க்கலாம். அப்படியானால் ஃபோர்க், ஹப், சக்கரம் எல்லாமே மாற வேண்டும். அந்தப் பணத்துக்கு நாலு வருஷம் நல்ல கட்டையும் ஒரு ஜோடி புது ரிம்மும் வாங்கலாம்.

டயர்

இது இரண்டாவது செலவு. பஞ்சர் தடுக்கும் பட்டை உள்ளே வைத்த 40-406 டயர் போதும். ஷ்வால்பே மாரத்தான் மாதிரி. ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடம் இருந்தால் 50-406 போடுங்கள், எஸ்டேட் ரோட்டில் மணிக்கட்டு வாழ்த்தும். சின்னச் சக்கரம் குழிக்குள் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கும். அந்த அடியை வாங்கிக்கொள்ள டயரில் இருக்கிற காற்றை விட்டால் வேறு எதுவும் இல்லை.

சுமையோடு காற்றழுத்தம் பின்னால் 65 முதல் 70 பிஎஸ்ஐ, முன்னால் 55 வைக்கிறேன். பின் டயர் முதலில் தேயும். நடுக்கோடு தட்டையானதும் முன் டயரைப் பின்னால் மாட்டி, புதியதை முன்னால் போடுங்கள்.

‘மலை ஏறினால் டயரில் காற்று தானாக ஏறிவிடும், கொஞ்சம் இறக்கிவிட்டு ஏறு’ என்று ஒரு பேச்சு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடும், சரி. ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி. குளிரில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடும். கணக்கு நேராகிவிட்டது, டயரைத் தொடாதீர்கள்.

கியர்: பல் எண்ணுவது எப்படி

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ரயிலுக்கே பல் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. ஏற்றம் 12-க்கு 1. நம் காலுக்கும் பல்தான் துணை.

கடையிலிருந்து வரும் 7 கியர் மடக்கு சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 52 பல் செயின்வீல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு பல்சக்கரம் சேர்ந்த ஃப்ரீவீல் இருக்கும். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துச் சக்கரச் சுற்றளவால் பெருக்குங்கள்: 52 ÷ 28 x 1.52 = 2.82 மீட்டர். மிகச் சின்ன கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் நகரும் தூரம் அது. ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டரில் போனால் நிமிஷத்துக்கு 41 சுற்று. முட்டியை உடைக்கும் வேகம் அது.

நான் செய்தது இரண்டு மாற்றம். பின்னால் 14-34 ஃப்ரீவீல். ஷிமானோவில் மெகாரேஞ்ச் என்று கேட்டால் கிடைக்கும், விலையும் பயமுறுத்தாது. முன்னால் 42 பல். இப்போது 42 ÷ 34 x 1.52 = 1.88 மீட்டர். அதே வேகத்துக்கு 62 சுற்று. பேச முடிகிறது, ஏறும்போது தேயிலைக்காரர்களுக்குக் கையசைக்க முடிகிறது. பெரிய கியரில் 90 சுற்றில் மணிக்கு 24, 25 கிலோமீட்டர்தான் வரும். இறக்கத்தில் யார் மிதிக்கப் போகிறார்கள்?

ஃப்ரீவீலைக் கழற்றுவதுதான் கடினம். நாம் ஒவ்வொரு ஏற்றத்திலும் மிதிக்கும்போது அது தன்னைத் தானே இறுக்கிக்கொள்கிறது. கையால் ஸ்பேனர் போட்டுப் போராடாதீர்கள். உங்கள் ஃப்ரீவீலின் வரிப்பள்ளத்துக்கு ஏற்ற கழற்றியை வாங்கி, லேத் பட்டறைக்குப் போங்கள். கழற்றியை ஃப்ரீவீலில் செருகி, வெளியே ஆடாமல் ஆக்ஸில் நட்டால் லேசாகப் பிடிக்கச் செய்து, வைஸில் அதைக் கவ்வவிட்டு, சக்கரத்தையே பஸ் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புங்கள். ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். உடனே நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைக் கையால் சுற்றி எடுங்கள். புதியதை மாட்டும் முன் மரையில் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். அடுத்த தடவை நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

செயின்வீலில் ஒரு தடங்கல் உண்டு. மலிவான கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் கையில்) செயின்வீலை ரிவெட் அடித்திருப்பார்கள். அப்படியானால் கிராங்கையே மாற்ற வேண்டும். ஐந்து போல்ட் இருந்தால் அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே மில்லிமீட்டரில் அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 130 வந்தால் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. 110 வந்தால் 34 வரை போகலாம். கிராங்கைக் கழற்ற அதற்கான இழுப்பான் வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள் பேரிங் போய்விடும். உள்ளே கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்குமான பாட்டம் பிராக்கெட்டையும் எடுப்பதாக இருந்தால், வலப்பக்கக் கிண்ணத்துக்கும் இடப்பக்கப் பெடலுக்கும் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள்.

செயின் நீளமும் மாறும். முன்னால் பத்துப் பல் குறைந்தால் ஐந்து கண்ணி மிச்சம். பின்னால் ஆறு கூடினால் மூன்று கண்ணி செலவு. எனக்கு இரண்டு கண்ணி வெட்ட வேண்டி வந்தது. கணக்கை நம்பாவிட்டால், பல்லுக்குப் பல் தள்ளிவிடுகிற டெரெய்லருக்குள் நுழைக்காமல் செயினை முன் பல் மேலும் பின்னால் பெரிய பல் மேலும் சுற்றி, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுங்கள்.

34 பல்லுக்கு நீளக் கை டெரெய்லர் வேண்டும். சின்னச் சக்கரத்தில் அதன் அடிக்கும் தரைக்கும் நடுவில் கையளவு இடம்தான். ரோட்டோரப் புல்லும் செம்மண்ணும் அதில்தான் முதலில் சிக்கும். பஸ்ஸில் ஏற்றும்போது எப்போதும் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் காது வளைந்தால் எந்த ஸ்குரூவைத் திருப்பியும் கியர் ஒழுங்காக விழாது.

செயினும் மழையும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆனி ஆடியில். நடுவில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் செயினை நனைத்துவிட்டுப் போகும். நனைந்து வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போடுங்கள், மறுநாள் என்றால் சிவந்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டில் சண்டை வரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிறது, இங்கே பாட்டிலையே வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். செயினுக்குள் அது மெழுகாக நின்று மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு மழைக்குத் தாங்காது, வேறு வழியில்லாவிட்டால் பரவாயில்லை. ஈரத்துக்கென்று வரும் செயின் எண்ணெயை ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

தேய்மானம் பார்க்க ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவை பூஜ்யத்தில் வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 இஞ்சில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தாண்டினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் ஃப்ரீவீலும் போச்சு. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

மடக்குகிற மூட்டும் ஹெட்செட்டும்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்புகிற பேரிங்) தளர்ந்திருக்கிறது என்பார்கள். மடக்கு சைக்கிளில் அவசரப்படாதீர்கள். ஆட்டியபடியே ஒரு விரலை ஹெட்செட் கிண்ணத்தின் இடுக்கில் வையுங்கள், அப்புறம் ஹேண்டில் கம்பியின் மூட்டில், அப்புறம் நடு மூட்டில். எந்த இடுக்கு விரலுக்குக் கீழே அசைகிறதோ அங்கேதான் வேலை. நான் ஒருமுறை ஹெட்செட்டை இறுக்கி இறுக்கி பேரிங்கைக் கெடுத்தேன். தளர்ந்திருந்தது ஹேண்டில் மூட்டு.

மூட்டின் தாழ்ப்பாள், உள்ளங்கையால் அழுத்தி மூடுகிற அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு விரலில் மூடினால் அதன் சரிசெய்யும் நட்டைக் கால் திருப்பு முறுக்குங்கள். மாதம் ஒருமுறை மூட்டுக்குப் பக்கத்து வெல்டிங்கை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்: பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு, அதில் துரு கசிந்திருந்தால் அந்த சைக்கிளில் இறங்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

நீள சீட் கம்பியில் கிரீஸ் தடவாதீர்கள், ஏற்றத்தில் சீட் மெதுவாகக் கீழே இறங்கிவிடும். சுத்தமாகத் துடைத்து உலர்வாக வைத்தால் போதும்.

கம்பியும் ஹப்பும்

சின்னச் சக்கரத்தில் ஸ்போக் கம்பி குட்டை, அதனால் சக்கரம் கல் மாதிரி நிற்கும். கோட்டம் எடுக்கும்போது அதே குட்டைதான் வம்பு. நீளக் கம்பியில் நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் நட்டை) அரைத் திருப்பு திருப்பிப் பழகியவர் இதில் அப்படிச் செய்தால் ரிம் மறுபக்கம் ஓடிவிடும். எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், மறுபடி திருப்புங்கள். கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இதைச் சொல்லிவிடுங்கள்.

ஹப்பை வருஷம் ஒருமுறை, மழை முடிந்ததும் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது வையுங்கள். குண்டுகள் மங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றுமில்லை. குயிக் ரிலீஸ் (லிவரால் சக்கரத்தைக் கழற்றும் வகை) உள்ள ஹப்பில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை முறுக்கும்போது ஆக்ஸில் இம்மியளவு ஆடும்படி விட வேண்டும். லிவரை மூடியதும் அந்த ஆட்டம் தானாக மறையும்.

சுமை, பை

பின் கேரியரில் பெரிய பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும், பையின் அடி தரையைத் தொடப் பார்க்கும். கனமானதை முன்னால், ஃபிரேமின் தலைக்குழாயில் மாட்டும் பையில் வைத்தால் ஹேண்டில் திரும்பும்போது பை திரும்பாது. துள்ளித் திரிகிற முன்சக்கரமும் கொஞ்சம் அடங்கும். பின்னால் துணிமணி, தூங்கும் பை மட்டும்.

சைக்கிளோடு எப்போதும் இருப்பவை: இரண்டு டியூப், பஞ்சர் சாமான், 4, 5, 6 அளவு ஆலன் கீ, 15 ஸ்பேனர், செயின் கழற்றி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, பிரேக் கேபிள் ஒன்று. ஸ்போக் கம்பி நாலு. 406-க்கான குட்டைக் கம்பி கடையில் உடனே கிடைக்காது, அளந்து வெட்டி மரை போட்டு வாங்கி, சீட் கம்பியின் உள்ளே துணியில் சுற்றிச் செருகியிருக்கிறேன். துணிப் பட்டை ஒரு சுருள். அதோடு, சைக்கிளை மடக்கி மூட ஒரு பழைய பெட்ஷீட். கண்டக்டரிடம் சைக்கிள் என்று சொல்வதற்குப் பதில், “அண்ணா, ஒரு லக்கேஜ் இருக்குங்க, டிக்கெட் போட்டுக்கங்க” என்று சொல்லி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பின்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.